பாட்டி சொன்ன சொல்லும் கிராணி எழுதிய சொல்லும்

கூகுளில் 'கேமரன் மலை' என்று தட்டிப் பாருங்கள். ஸ்ட்ராபெரி பண்ணை வரும். தங்கும் விடுதிகளின் விலைப் பட்டியல் வரும். விடுமுறை நாள் போக்குவரத்து நெரிசல் வரும். 2019-இல் நடந்த இடைத்தேர்தல் வரும். 1967 மார்ச் 26-ஆம் தேதி தானா ராத்தாவில் உலாவப் போய் இன்றுவரை திரும்பாத ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கப் பட்டு வணிகரும் தவறாமல் வருவார். அந்த மலையில் காட்டை அழித்து, தேயிலைக் கன்று நட்டு, கொழுந்து பறித்த நம்மவர்களைத் தேடினால் மட்டும் இரண்டு மூன்று படங்களோடு கதை முடிந்துவிடும்.

"நம்மைப் பற்றி ஒன்றுமே எழுதி வைக்கவில்லை" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி வானொலியில் ஒரு தொடர் தயாரித்தபோது இந்த வரியை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கே இல்லை. கல்லூரி மாணவர்கள் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். ஒரு மாணவி, தன் கொள்ளுத்தாத்தா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத ஆசைப்பட்டாள். "ஆதாரம் கிடைக்காது, வேறு தலைப்பு எடு" என்று அவளுக்கு அறிவுரை வந்தது. சுற்றுலாத் துறையைப் பற்றி எழுதிவிடலாமா என்று என்னிடம் கேட்டாள்.

இப்படி ஒவ்வொருவரும் தலைப்பை மாற்றிக்கொண்டே போனால், அடுத்த தலைமுறை தேடும்போது உண்மையிலேயே ஒன்றும் இருக்காது.

ஆவணங்கள் இருக்கின்றன. நாம் இன்று பேசும் சொல்லில் அவை எழுதப்படவில்லை, அவ்வளவுதான். தேடுவது என்பது, அன்று அந்தக் காகிதத்தை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று யோசிப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வியை நான்காக உடையுங்கள்

'கேமரன் மலைத் தமிழர் வரலாறு' என்பது ஒரு நூலின் தலைப்பாக இருக்கலாம். தேடுசொல்லாக அது பயன்படாது. முதலில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: '1930-களில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள், அங்கே எப்படி வாழ்ந்தார்கள்?'

இப்போது அதை நான்காகப் பிரியுங்கள். எங்கே? எப்போது? யார்? என்ன? ஒரு தாளில் நான்கு பத்தி கோடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதே பொருளைத் தரும் எல்லாச் சொற்களையும் எழுத வேண்டும்.

எங்கே: ஊரின் பழைய பெயர்

1885-இல் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப் பகுதிக்கு வந்து போனார். அவர் பெயர்தான் நிலைத்தது. பழைய ஆங்கிலச் செய்திகளில் 'கேமரன்ஸ் ஹைலண்ட்ஸ்' என்று ஓர் 'எஸ்' கூடுதலாக இருக்கும். தானா ராத்தாவைக் கடைசி 'எச்' இல்லாமல் எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஊர்தான்.

ஊர்ப் பெயரோடு நிற்காமல் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிங்லெட், ஹாபு, பிரிஞ்சாங், கம்போங் ராஜா, உலு தெலோம் என்று ஒரு பட்டியல் போடலாம். மலை பகாங்கைச் சேர்ந்தது என்றாலும், மேலே ஏறும் பழைய சாலை பேராக்கின் தாப்பாவிலிருந்து தொடங்குகிறது. அந்தச் சாலை 1931-இல்தான் முடிந்தது. ஆகவே 'தாப்பா' என்ற சொல்லும் பட்டியலில் இருக்க வேண்டும். பகாங் ஆவணங்களை மட்டும் பார்ப்பவர் பாதியைத் தவறவிடக் கூடும்.

தோட்டத்தின் பெயர் இன்னும் தந்திரமானது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னேயுடன் சேர்ந்து தொடங்கியது போ தோட்டம். ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்தை மட்டும் தட்டினால் ஹவாய் வங்கியின் பங்குச் சந்தைக் குறியீடு வரும், ஹோட்டல் தொழிலில் சமையலறைப் பக்கத்தைக் குறிக்கும் சுருக்கம் வரும். தமிழில் 'போ' என்று தேடினால் கேட்கவே வேண்டாம், உலகத்தில் யார் எங்கே போனாலும் வரும்! பழைய செய்தித்தாளைக் கம்ப்யூட்டர் படிக்கும்போது கடைசி 'எச்' எழுத்து 'பி' ஆகி, தோட்டம் 'பாப்' என்ற ஆளாக மாறவும் வாய்ப்புண்டு.

குட்டையான பெயருக்குத் துணைச் சொல் கொடுங்கள். 'போ எஸ்டேட்', 'போ பிளான்டேஷன்ஸ்', 'ரஸ்ஸல்' என்ற பெயரோடு 'டீ' என்று சேர்த்துத் தேடுங்கள். சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி போன்ற பெயர்கள் அபூர்வமானவை. அபூர்வமான சொல்தான் நல்ல தேடுசொல்.

எப்போது: நாட்டின் பெயரே மாறியிருக்கிறது

'மலேசியா' என்ற சொல்லைப் போட்டு 1930-களின் ஆவணத்தைத் தேடுகிறோம். 1963 செப்டம்பர் 16-க்கு முன் இந்த நாட்டுக்கு அந்தப் பெயரே இல்லை. அதற்கு முன் மலாயா. பகாங், இரண்டாம் உலகப் போருக்கு முன் 'ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்' எனப்பட்ட நான்கு மாநிலங்களில் ஒன்று. 'எஃப்.எம்.எஸ்.' என்ற சுருக்கத்தையும் போட்டுத் தேட வேண்டும்.

காலத்தைப் பொறுத்து மொழியும் மாறும். மெர்டேக்காவுக்கு முந்திய அரசாங்கக் கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 1967 தேசிய மொழிச் சட்டத்துக்குப் பிறகு மலாய் மேலோங்குகிறது. அப்போது 'டீ எஸ்டேட்' பலிக்காது. 'லாடாங் தே', 'பெக்கெர்ஜா லாடாங்' என்று கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளியைத் தேடுகிறவர்கள் இன்றைய 'எஸ்.ஜே.கே.(த)' என்ற சுருக்கத்தோடு, முன்பு வழங்கிய 'எஸ்.ஆர்.ஜே.கே.(த)' என்பதையும் போட்டுப் பாருங்கள்.

யார்: மனதுக்குப் பிடிக்காத சொல்

நம் முன்னோரை அன்றைய ஆவணங்கள் 'கூலி' என்றுதான் குறித்தன. 'தமிழ் கூலி', 'தமிழ் லேபரர்', 'சவுத் இந்தியன் லேபர்' என்பவை போருக்கு முந்திய சொற்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான காலத்தில் 'எஸ்டேட் வொர்க்கர்', 'பிளான்டேஷன் வொர்க்கர்' என்ற சொற்கள் பரவலாகிவிட்டன.

"அந்த வார்த்தையை என் கையால் தட்ட மனசு வரவில்லை" என்று ஒரு நேயர் சொன்னார். அவர் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் அந்தச் சொல்லைத் தட்டாவிட்டால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் மனிதர் வெளியே வரமாட்டார். அவரைக் கண்டுபிடித்த பிறகு நம் கட்டுரையில் தொழிலாளி என்று மரியாதையோடு எழுதலாம்.

தனி மனிதரின் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். கிராணியார் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பெயர். லெட்சுமி, லட்சுமி, லச்சுமி மூவரும் ஒரே பெண்ணாக இருக்கலாம். சின்னசாமி 'எஸ்' எழுத்திலும் இருப்பார், 'சி-எச்' எழுத்திலும் இருப்பார். முனியாண்டிக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் உண்டு. இப்போது 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமான 'ஏ/எல்' போடுகிறோம். முன்பு 'எஸ்/ஓ' போட்டார்கள். எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் எழுதிவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

என்ன: ஒப்பந்தமா, கங்காணியா?

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். 'இண்டெஞ்சர்' எனப்படும் ஒப்பந்தக் கூலி முறை என்ற சொல்லோடு கேமரன் மலையைச் சேர்த்துத் தேடினால் பெரிதாக எதுவும் கிடைக்காது. காரணம் எளிது. மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் இந்தியர்களைக் கொண்டுவருவது 1910-இலேயே நின்றுவிட்டது. போ தோட்டம் தொடங்கியதோ 1929-இல். அந்தக் காலத்தில் நடப்பில் இருந்தது கங்காணி முறை. 1907-இல் அமைந்த இந்தியன் இமிகிரேஷன் கமிட்டியின் நிதியில் கப்பல் செலவு கொடுத்து ஆள் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தவர்களை ஆவணங்கள் 'அசிஸ்டெட் இமிகிரன்ட்' என்று குறிக்கின்றன.

'கங்காணி' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் கடைசியில் 'ஐ' போட்டும் எழுதினார்கள், 'ஒய்' போட்டும் எழுதினார்கள். இரண்டையும் தேடுங்கள். ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இரண்டு இடங்களில் ஆட்களைத் தங்கவைத்துக் கப்பலேற்றும் முகாம்கள் இருந்தன. 'டிப்போ' என்ற சொல்லோடு இந்த ஊர்ப் பெயர்களைச் சேர்க்கலாம். நாகப்பட்டினத்துக்கு அன்றைய ஆங்கில எழுத்து 'நெகபட்டம்'.

உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930-களின் தொடக்கத்தில் பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கான அலுவலகச் சொல் 'ரீபேட்ரியேஷன்'. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயா போவதைத் தடை செய்தது. எனவே உங்கள் குடும்பத்தார் இந்தியாவிலிருந்து கங்காணி வழியாக நேரே தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தால், தேட வேண்டிய காலம் பத்து ஆண்டுக்குள் அடங்கிவிடும். கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து மலைக்கு ஏறியவர்கள் என்றால் அந்தத் தோட்டத்தின் பெயரையும் கண்டுபிடிக்க வேண்டும். வரலாறு கொஞ்சம் தெரிந்தால் தேடுசொல் தானாகத் திருந்தும்.

இதே போல் வேறு உதாரணங்களும் உண்டு. நாம் 'தோட்டத் துண்டாடல்' என்கிறோம். ஆங்கிலப் பத்திரிகைகள் 'ஃபிராக்மென்டேஷன்' என்றன. உங்கு அசிஸ் தயாரித்த ஆய்வறிக்கையின் தலைப்பில் இருக்கும் சொல்லோ 'சப்டிவிஷன்'. அவசரகாலத்தில் சீனக் குடியேறிகளைப் புதுக்கிராமங்களில் அமர்த்தியதற்கு 'ரீசெட்டில்மென்ட்' என்று பெயர். தோட்டத் தொழிலாளர்களை ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டதற்கு 'ரீகுரூப்பிங்' என்று பெயர். சயாம் மரண ரயிலில் தொலைந்தவரைத் தேடுகிறீர்களா? ஆங்கிலத்தில் 'பர்மா-சயாம் ரயில்வே', 'ஏசியாட்டிக் லேபர்' என்றும், ஜப்பானியச் சொல்லான 'ரோமுஷா' என்றும் தேடுங்கள்.

பாட்டியிடம் முதலில் கேளுங்கள்

ரிங்லெட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பாட்டி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"உங்க அப்பா எந்தத் தோட்டத்துல வேலை செஞ்சாரு, பாட்டி?"

"தோட்டத்துக்கு ஏதும்மா பேரு? துரை பேரச் சொல்லி, இன்ன துரை தோட்டம்னுதான் சொல்வோம். துரை மாறிட்டா பேரும் மாறிடும்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது பெரிய திறவுகோல். ஒரு துரையின் பெயர் கிடைத்தால் அவர் எந்த ஆண்டுகளில் எந்தத் தோட்டத்தில் மேனேஜராக இருந்தார் என்று பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் தேடலாம். துரைகளின் திருமணமும் விருந்தும் விளையாட்டும் அந்தப் பத்திரிகைகளுக்குச் செய்தி. நம் தாத்தாவின் பெயர் இல்லாத பக்கத்தில் அவர் வேலை செய்த தோட்டம் இருக்கும்.

பாட்டி பேசப் பேச நான் சொற்களை எழுதிக்கொண்டே வந்தேன். லயம், பெரட்டு, ஆயாக்கொட்டகை, டிரஸர், பெரிய கிராணி. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே கோப்பில் வரக்கூடிய சொல்லை எழுதினேன். லயத்துக்கு 'லேபர் லைன்ஸ்', 'கூலி லைன்ஸ்'. பெரட்டுக்கு 'மஸ்டர்'. ஆயாக்கொட்டகைக்கு 'கிரெஷ்'. இதை 'நர்சரி' என்று தேடினால் தேயிலை நாற்றுப் பண்ணைதான் வரும்! டிரஸர் என்பவர் தோட்ட ஆஸ்பத்திரியின் மருந்தாளர். நோய், பிரசவம், மரணம் பற்றிய அறிக்கைகளில் அவரைப் பார்க்கலாம்.

அந்த மாணவியிடமும் இதையே சொன்னேன். வீட்டில் இருந்த பாட்டியிடம் கேட்டுப் பதினெட்டுச் சொற்களோடு வந்தாள். இப்போது தலைப்பை மாற்றும் பேச்சே இல்லை.

தமிழில் தேடும்போது

கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 வரை வந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. தோட்டத்துச் செய்திகளை நம் மொழியில் சொன்ன ஏடுகள் இவை.

பழைய தமிழ் அச்சில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை லை, ணை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு அச்சாயின. எந்த ஏடு எப்போது புது எழுத்துக்கு மாறியது என்பது ஏட்டுக்கு ஏடு வேறுபடும். பழைய வடிவத்தை இயந்திரம் சரியாகப் படிக்காமல் போகலாம். நமக்கு வேண்டிய 'மலை', 'தேயிலை' இரண்டும் அந்த எழுத்தில்தான் முடிகின்றன! எனவே 'கேமரன்', 'தோட்டம்', 'கங்காணி' போன்ற சொற்களையும் போட்டுப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், ஆங்கிலப் பத்திரிகையில் தேதியைக் கண்டுபிடித்து, அதே வாரத்துத் தமிழ் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

எங்கே தேடுகிறோம் என்பதும் முக்கியம்

கூகுளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். ஆவணக் காப்பகங்களின் பட்டியல்கள் பலவற்றுக்குள் அது முழுமையாகப் போவதில்லை. அந்தந்தத் தளத்துக்குள் நுழைந்து தேட வேண்டும். கோலாலம்பூரில் ஆர்க்கிப் நெகாரா, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி, லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் என்ற இணையத் தளம் எனப் பல வாசல்கள் உண்டு.

இவற்றில் இரண்டு வகை. ஆர்க்கிப் நெகாராவின் பட்டியலில் நீங்கள் தேடுவது கோப்பின் தலைப்பை. உள்ளே இருக்கும் நூறு பக்கம் அதற்குத் தெரியாது. அங்கே 'டீ', 'லேபர்', 'கேமரன் ஹைலண்ட்ஸ்' என்று ஒன்றிரண்டு பொதுச் சொற்களையே போடுங்கள். பழைய பத்திரிகைத் தளத்தில் முழுச் செய்தியும் தேடப்படும். அங்கே பொதுச் சொல் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். தோட்டப் பெயர், துரை பெயர், கப்பல் பெயர் போன்ற அபூர்வச் சொற்களைப் போடுங்கள். கப்பல் என்றால் 'ரஜுலா'வை மறக்க வேண்டாம். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல்தான் பல்லாண்டுகள் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம்மவர்களைச் சுமந்தது.

கையில் இருக்கும் சின்னக் கருவிகள்

கூகுளில் தேடும்போது இவை உதவும்.

• இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

• வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள். ஸ்ட்ராபெரி, ஹோட்டல், தாம்சன் மூவரையும் இப்படி வெளியே அனுப்பலாம்.

• இரண்டு எழுத்துக்கூட்டலில் எது வந்தாலும் சரி என்றால் நடுவில் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

• 'ஃபைல்டைப்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து 'பிடிஎஃப்' சேர்த்தால் ஆய்வேடுகளும் அறிக்கைகளும் மேலே வரும்.

• கூகுளின் தேதி வடிகட்டி, பக்கம் இணையத்தில் ஏறிய காலத்தைத்தான் பார்க்கும். 1935-ஐ வடிகட்ட வேண்டுமானால் பத்திரிகைக் காப்பகத்தின் சொந்த வடிகட்டியைப் பயன்படுத்துங்கள்.

• முடிவுகள் குவிந்தால் ஓர் அபூர்வச் சொல்லைச் சேருங்கள். ஒன்றும் வராவிட்டால் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஒரு சொல் இன்னொரு சொல்லைத் தரும்

நல்ல ஆவணம் ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். அதில் வரும் சொற்களை அறுவடை செய்யுங்கள். கெர்னியல் சிங் சந்து எழுதி 1969-இல் வெளிவந்த மலாயா இந்தியர் பற்றிய நூலைப் படித்தால், 'ஏஜென்ட் ஆஃப் தி கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா' என்ற பதவியைப் பற்றித் தெரியவரும். மலாயாவில் இந்தியத் தொழிலாளர் நலனைக் கவனித்து ஆண்டறிக்கை எழுதியவர் அவர். அந்தப் பெயரைத் தேடினால், வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937-இல் வெளியிட்ட அறிக்கைக்கு வழி கிடைக்கும். அதிலிருந்து கூலி விகிதம், குடியிருப்பு, பள்ளிக்கூடம் என்று அடுத்த சொற்கள் பிறக்கும்.

எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தச் சொல்லைத் தேடினீர்கள், என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெறுங்கையோடு திரும்பியதையும் எழுதுங்கள். அடுத்தவர் அதே சுவரில் முட்ட வேண்டியதில்லை.

செயற்கை அறிவுச் செயலிகளிடம் "இந்தச் சொல்லுக்கு 1930-களில் வேறு என்ன சொற்கள் இருந்தன?" என்று கேட்கலாம். "என் தாத்தா தோட்டத்தின் வரலாறு என்ன?" என்று கேட்டால், இல்லாத கதையையும் அழகாகச் சொல்லிவிடும். அது தரும் சொல்லை எடுத்துக்கொண்டு, ஆதாரத்தை நீங்களே போய்ப் பாருங்கள்.

திரையில் 'முடிவுகள் இல்லை' என்று வந்தால், நீங்கள் போட்ட சொல் அங்கே இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஆள் இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஆவணங்கள் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும், அடுத்த மாதமும் தேடலாம். அவற்றைத் திறக்கும் சொற்களை வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு எண்பது, தொண்ணூறு வயது ஆகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கம்ப்யூட்டரைத் திங்கட்கிழமை திறக்கலாம்.